பாரிஸ் சென்ட்டுக்குள் நம் ஊர் குண்டுமல்லி

கோலார் தங்கவயல்
நமது நிருபர்

பெங்களூரின் பெரிய மால்களுக்குள் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது புடவைக் கடையோ பாத்திரக் கடையோ அல்ல, சென்ட் கவுன்டர்தான். கண்ணாடி மேஜை, அதன்மேல் வரிசையாகப் புட்டிகள், பின்னால் கறுப்பு உடையில் நிற்கும் இளம் பெண்கள். அந்தப் புட்டிகளில் ஒன்றுக்குக் கழுத்து நீளம். கழுத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் கம்பி வளையங்கள். தூரத்தில் பார்த்தால் அட்டிகை போட்ட பெண் மாதிரியே இருக்கும். பெயர் ஜாடோர். பிரெஞ்சு மொழியில் 'எனக்குக் கொள்ளைப் பிரியம்' என்று பொருள். பாரிஸ் நகரத்து டியோர் என்ற உடை அலங்காரக் கம்பெனியார் செய்வது. நூறு மில்லி புட்டி இன்றைக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய்.

இதை ஏன் தங்கவயல் வாசகர்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தப் புட்டிக்குள் என்னென்ன மணங்கள் சேர்ந்திருக்கின்றன என்று கம்பெனியாரே தங்கள் விளக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். இலாங்-இலாங் என்ற மஞ்சள் பூ, துருக்கி தேசத்து ரோஜா, பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் விளையும் ஒரு மல்லிகை, இவற்றோடு இந்தியாவின் சம்பாக் மல்லிகை. சம்பாக் என்ற பெயரைக் கேட்டு சண்பகம் என்று எண்ணிவிட வேண்டாம். தாவர நூல்காரர்கள் அரபியிலிருந்து எடுத்து வைத்த பெயர் அது. நம் பாஷையில் சொன்னால் குண்டுமல்லி. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் முழம் முப்பது, நாற்பது என்று விற்கிறதே, அதே ஜாதிப் பூ.

சென்ட்டுக்காக மல்லிகைச் சாறு எடுக்கும் ஆலைகள் இந்தியாவில் பெரும்பாலும் தமிழ்நாட்டில்தான் உள்ளன. கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல், நிலக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் பூத்த பூ, எண்ணெயாகச் சுருங்கி, கப்பலேறி அல்லது விமானமேறி, பிரான்சுக்குப் போய்ப் புட்டிக்குள் நுழைந்து, பெங்களூருக்கே திரும்பி வந்து நிற்கிறது. திரும்பி வரும்போதுதான் அதன் விலையைக் கேட்க முடியவில்லை.

தையற்கடைக்காரர் வீட்டுச் சென்ட்

துணி தைக்கிற கம்பெனிக்கு சென்ட் வியாபாரம் எதற்கு? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பாரிசில் பணக்காரப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்த பால் புவாரே என்பவர் 1911-இல் முதன்முதலாகத் தம் பெயரால் வளர்ந்த செல்வாக்கை வைத்து ஒரு சென்ட் கம்பெனியும் தொடங்கினார். பத்து வருஷம் கழித்து, 1921-இல், ஷனெல் அம்மையார் தமது 'ஐந்தாம் நம்பர்' சென்ட்டை வெளியிட்டார். அது இன்றுவரை விற்கிறது. கிறிஸ்டியன் டியோர் தம் கடையை 1946 கடைசியில் தொடங்கி, முதல் உடை அணிவகுப்பை 1947 பிப்ரவரியில் நடத்தினார். யுத்தகாலத்தில் துணிக்கு ரேஷன் பட்ட பெண்களுக்கு, கஜக்கணக்கில் துணி பிடிக்கும் பாவாடைகளைக் காட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர். அதே வருஷம் 'மிஸ் டியோர்' என்ற சென்ட்டும் வந்துவிட்டது.

இதிலுள்ள சூட்சுமம் எளிது. பாரிஸ் தையற்காரர் கையால் தைத்த ஒரு கவுனை வாங்கக்கூடியவர்கள் உலகத்திலேயே சில ஆயிரம் பேர்தான். ஆனால் அந்தப் பெயர் போட்ட புட்டி ஒன்றை வாங்கிவிட ஆசைப்படுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். கவுன் கம்பெனிக்குப் பெயரைக் கொடுக்கிறது, புட்டி பணத்தைக் கொடுக்கிறது. நம் ஊர்ப் பட்டு மாளிகைக்காரர்கள் மஞ்சள் பையில் பெயர் அச்சடித்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பையையே ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்றால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான்.

ஜாடோர் வந்தது 1999-இல். கலவையை அமைத்தவர் கலீஸ் பெக்கர் என்ற பெண்மணி. பூவாசமும் பழவாசமும் சேர்ந்த சென்ட் வகைக்கு இது பேர்போன உதாரணம். முகர்ந்தவுடன் பேரிக்காய், முலாம்பழம், பீச் பழம் என்று இனிப்பாகத் தட்டும். பிறகுதான் பூக்கள் வரும். கழுத்து வளையங்கள் கென்யா, தான்சானியா தேசங்களில் மாடு மேய்க்கும் மசாய் இனப் பெண்கள் அணியும் கழுத்தணியைப் பார்த்துச் செய்தவை. ஆப்பிரிக்கப் பழங்குடிப் பெண்ணின் நகை, தமிழ்நாட்டு மல்லி, துருக்கி ரோஜா. எல்லாம் சேர்ந்தபின் அதற்குப் பெயர் பாரிஸ் நாகரிகம்! விளம்பரத்தில் 2004 முதல் சார்லீஸ் தெரான் என்ற ஹாலிவுட் நடிகை தங்கச் சிலைபோல நடந்து வந்தார். 2024-இல் அந்த இடத்துக்குப் பாடகி ரிஹானா வந்தார். இதன் புதிய வார்ப்பு ஒன்றை டியோரின் இப்போதைய வாசனை நிபுணர் பிரான்சிஸ் குர்க்ஜியான் 2023-இல் கொண்டுவந்தார். அதன் பெயரில் உள்ள 'லோர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு அர்த்தம் தங்கம்.

தங்கம் என்ற வார்த்தை வந்தால் நம் ஊர்க்காரருக்குக் காது நிமிரத்தானே செய்யும்?

காலை ரயிலில்

மாரிக்குப்பத்திலிருந்து புறப்பட்டு சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போகும் காலை ரயில்களைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது அதில் இருக்கிறார். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரின் ஷிப்ட்டுச் சங்கு ரயில் விசில்தான். டிக்கெட் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சீசன் டிக்கெட் வாங்க நீளும் கைகளில் இப்போது பெண்களின் கை அதிகம். ஜவுளிக் கடை, ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜை, கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு, மால்களில் விற்பனை என்று பலவித வேலை. மால்களில் சென்ட் கவுன்டரில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு.

அவர்களோடு பேசிப் பார்த்தால் வேலையின் சிரமம் தெரிகிறது. நாள் முழுக்க நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு வெள்ளைக் காகிதப் பட்டையில் ஒரு பீச்சு அடித்து, இரண்டு தடவை விசிறி, நீட்ட வேண்டும். நாலு சென்ட் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும் என்பதால் பக்கத்தில் காப்பிக் கொட்டைக் கிண்ணம் வைத்திருப்பார்கள். மாதத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று 'டார்கெட்' உண்டு. எந்தப் பூ எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மனப்பாடம் செய்து இங்கிலீஷில் ஒப்பிக்கவும் வேண்டும். 'இண்டியன் சம்பாக்' என்று தினமும் பத்துத் தடவை சொல்கிற ஒரு பெண்ணுக்கு, அது தன் பாட்டி தொடுக்கிற குண்டுமல்லிதான் என்று நான் சொல்லித்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் சிரித்தார். வேலை நேரத்தில் தலையில் பூ வைக்கக்கூடாது என்பது அவர் கடையின் சட்டமாம். கொண்டையை இறுக்கி வலை போட்டுக் கட்டிக்கொண்டு, பூவை விற்கிறார்.

பூ இந்த ஊருக்குப் புதிதல்ல. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பாட்டன் முப்பாட்டன் இங்கே குழியில் இறங்க வந்தபோது, கூடவே பூக்காரியும் வந்தாள். லைன் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்லி இல்லாத தலை அபூர்வம். மாதா கோயிலுக்கும் அதே சரம், மாரியம்மனுக்கும் அதே சரம். கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். ராபர்ட்சன்பேட்டை பூப்பல்லக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் பூவுக்கு எவ்வளவு செலவழிக்கும் என்று தெரியும்.

டன்னுக்கு எவ்வளவு?

மல்லியிலிருந்து வாசனையை எப்படிப் பிரிக்கிறார்கள்? இதை மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். தங்கவயலில் சுலபம்.

நம் மில்களில் என்ன நடந்தது? பூமிக்குள்ளிருந்து வந்த கல்லை மாவாக இடித்தார்கள். மாவைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்தார்கள். கல் கரையாது, தங்கம் மட்டும் கரைந்து நீரோடு வந்துவிடும். பிறகு துத்தநாகத் தூளைப் போட்டு நீரிலிருந்து தங்கத்தைப் பிடித்தார்கள். ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்த இடங்கள் உண்டு. மூடும் காலத்தில் அது மூன்று, நாலு கிராமுக்கு இறங்கிவிட்டது. மிச்சமானது அத்தனையும் இன்று சயனைடு மண்மலையாக நம் கண்முன் நிற்கிறது.

மல்லிக்கும் அதே யுக்திதான். சயனைடுக்குப் பதில் ஹெக்ஸேன் என்ற, பெட்ரோல் வகையைச் சேர்ந்த திரவம். பெரிய இரும்புப் பாத்திரத்தில் தட்டுத் தட்டாகப் பூவைப் பரப்பி அந்தத் திரவத்தை ஊற்றுகிறார்கள். பூவின் வாசனையும் மெழுகும் அதில் கரைந்து வந்துவிடும். திரவத்தை ஆவியாக்கிப் பிரித்தெடுத்தால் அடியில் மெழுகு போன்ற ஒரு களிம்பு மிஞ்சும். இதற்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயர் 'கான்கிரீட்'. வீடு கட்டும் கான்கிரீட் அல்ல! அதைச் சாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, சாராயத்தையும் போக்கினால் கடைசியில் நிற்பது அசல் மல்லிச்சாறு. சுமார் ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ. இந்தச் சாறு சர்வதேச மார்க்கெட்டில் கிலோ லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது.

ரோஜாவைப் போலவே மல்லியையும் கொதிக்கவைத்து ஆவி பிடித்தால் என்ன என்று தோன்றும். உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் சந்தன எண்ணெய்மேல் ஆவியை இறக்கி அத்தர் செய்கிறார்கள். அது வேறு ருசி. சூடு பட்டால் மல்லியின் நயமான மணம் கெட்டுவிடுகிறது என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் அந்த வழியை விட்டார்கள். கிராஸ் ஊரில் அந்தக் காலத்தில் கண்ணாடிப் பலகையில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லியை அடுக்கி, தினம் பழைய பூவை எடுத்துப் புதுப் பூ வைத்து, வாரக்கணக்கில் அந்தக் கொழுப்புக்கே மணம் ஏற்றினார்கள். பறித்த பிறகும் மல்லி மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதற்கு ஆதாரம். நம் வீட்டுக் கிழவிகள் குடிதண்ணீர்ப் பானையில் நாலு மல்லி மிதக்கவிட்டதும் இதே ஞானம்தான்.

இதில் நேரம் ரொம்ப முக்கியம். குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள், விடியற்காலை முதல் வெயில் ஏறுவதற்குள். தலையில் வைப்பவருக்கு மொட்டு போதும், சாயங்காலம் தானே விரியும். ஆலைக்கு மொட்டு உதவாது. விரிந்த பூவில்தான் வாசனை. எனவே வந்த மொட்டைத் தரையில் பரப்பி, பொழுது சாய்ந்து பூ விரியும்வரை காத்திருந்து, அதன்பின் பாத்திரத்தை நிரப்புகிறார்கள். நம் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் இருந்ததுபோல மல்லி ஆலைக்கும் நைட் ஷிப்ட்தான் பிரதானம்.

பேரிக்காய் எங்கிருந்து வந்தது?

பழ வாசனை சமாசாரத்துக்கு வருவோம். பேரிக்காயையோ பீச் பழத்தையோ பிழிந்து சென்ட் எடுக்க முடியாது. சாறு வரும், வாசனை எண்ணெய் வராது. புட்டியில் இருக்கும் பேரிக்காயும் முலாம்பழமும் ரசாயனக் கூடத்தில் பிறந்தவை. பீச் வாசனை தரும் பொருளை 1908-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கெர்லான் என்ற பழைய கம்பெனி அதை 1919-இல் தங்கள் சென்ட் ஒன்றில் போட்டுப் புகழ் பெற்றது.

ஆனால் எல்லாப் பழ வாசனையும் கூடத்திலிருந்து வந்ததல்ல. நம் மல்லிக்குள்ளேயே பழம் இருக்கிறது. மல்லி மணத்தில் பெரும் பங்கு வகிக்கும் பென்சைல் அசிட்டேட் என்ற பொருளைத் தனியாக முகர்ந்தால் வாழைப்பழமும் பேரிக்காயும் கலந்தமாதிரி இருக்கும். இன்னொன்று மெத்தில் ஆந்த்ரனிலேட். இது கிராஸ் மல்லிகையைவிடக் குண்டுமல்லியில் கூடுதல். இதன் வாசனை சாட்சாத் கறுப்புத் திராட்சை! திராட்சை மிட்டாய்க்கும் கலர் பானத்துக்கும் போடுகிற எசென்சும் இதுவே. கோலார், சிக்கபள்ளாபூர் தோட்டங்களில் விளைகிற 'பெங்களூர் புளூ' திராட்சையைத் தின்றவர்களுக்கு அந்தத் தனி மணம் தெரியும். அந்தத் திராட்சையின் வம்சத்துக்கே உரிய மணம் அது, வேறு வம்சத்துப் பச்சைத் திராட்சையில் இராது. அடுத்த தடவை ஒரு கையில் விரிந்த மல்லியும் மறு கையில் கறுப்புத் திராட்சையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடி முகர்ந்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள். இருந்தாலும் விஷயம் உண்மை.

இன்னொரு சங்கதி, முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். மல்லியில் இண்டோல் என்ற ஒரு பொருளும் இருக்கிறது. இது பாச்சை உருண்டையை ஞாபகப்படுத்தும், அளவு மிஞ்சினால் கழிவின் நாற்றம். துளி சேர்ந்தால்தான் மல்லிக்கு அந்தக் கிறக்கம் வருகிறது. வாடிய மல்லிச் சரத்தை மறுநாள் காலையில் தலையணையிலிருந்து எடுக்கும்போது ஒரு கனத்த வாசம் வருமே, அதில் இவருடைய கைங்கரியம் உண்டு.

நூறு ரூபாய்க் கணக்கு

குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் விடாது.

மல்லி விலை நிலையில்லாதது. மார்கழி, தைக் குளிரில் செடி மொட்டு விடாது. பொங்கல், முகூர்த்தம் என்று தேவையும் ஏறும். அப்போது மதுரை மாட்டுத்தாவணி சந்தையில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. பங்குனி, சித்திரையில் செடி கொட்டித் தீர்க்கும். விலை 200, 300 என்று விழும். சென்ட் ஆலைகள் அதிகம் வாங்குவது இந்த மலிவுக் காலத்தில்தான். அவர்களும் இல்லாவிட்டால் அந்தப் பூ குப்பைக்குத்தான் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். விவசாயிக்கு அது ஒரு தாங்குகோல்.

கிலோ 200 என்று வைத்தால் ஒரு டன் பூவுக்கு 2 லட்சம் ரூபாய். அதிலிருந்து ஒரு கிலோ சாறு. ஒரு புட்டிக்கு அரை கிராம் மல்லிச்சாறு போடுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் தங்கள் சூத்திரத்தை யாருக்கும் சொல்லுவதில்லை, ஆகவே இது என் அனுமானக் கணக்கு. ஒரு கிலோ சாறு 2,000 புட்டிக்கு வரும். 2 லட்சத்தை 2,000-ஆல் வகுத்தால் நூறு ரூபாய். பதினையாயிரம் ரூபாய்ப் புட்டியில் பூவின் பங்கு நூறு ரூபாய். அந்த நூறில்தான் உரம், மருந்து, தண்ணீர், கமிஷன் மண்டி, இருட்டில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு குனிந்து பறிக்கும் பெண்ணின் கூலி எல்லாம் அடங்க வேண்டும். பாக்கி எங்கே போகிறது? கண்ணாடிப் புட்டிக்கு, அட்டைப் பெட்டிக்கு, நடிகைக்கு, மால் வாடகைக்கு, வரிக்கு, லாபத்துக்கு, பெயருக்கு. பெயருக்குத்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

பூ பறிக்கும் கைகளைப் பற்றி உலகம் இப்போதுதான் கொஞ்சம் பேசத் தொடங்கியிருக்கிறது. சென்ட் மல்லிகைக்குப் பேர்போன இன்னொரு தேசம் எகிப்து. அங்கே இரவெல்லாம் சிறு குழந்தைகள் தாய்மாரோடு வயலில் மல்லிகை பறிப்பதை பி.பி.சி. 2024 மே மாதம் படம்பிடித்து ஒளிபரப்பியது. பெரிய பெயர்கள் சங்கடப்பட்டன, அறிக்கைகள் விட்டன. அந்தக் குழந்தைகளின் கையில் சேர்ந்த கூலியைக் கேட்டால் நம் ஊர்ப் பூக்காரம்மாளுக்குக்கூடக் கோபம் வரும்.

பெயர் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூவை அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்ற உரிமை அது. நல்ல காரியம். ஆனால் சென்ட் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'பர்ஃபம்' என்ற ஒரே வார்த்தைக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள். அதன்பின் லினலூல், ஜெரானியோல் என்று ஒவ்வாமைக்காகக் கட்டாயம் அச்சடிக்க வேண்டிய ரசாயனப் பெயர்கள் வரும். பூவின் பெயர் வராது. விளம்பரத்தில் 'இந்தியா' வரை வருகிறார்கள். ஊர்ப் பெயர் வரை வருவதில்லை. தங்கள் நாட்டுப் பூவுக்கு மட்டும் 'கிராஸ் மல்லிகை' என்று ஊரைச் சொல்லத் தெரிகிறது! அந்தக் கிராஸ் ஊரின் சென்ட் கலைக்கு 2018-இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்துவிட்டது.

கேட்டால் கிடைக்காது என்றும் இல்லை. 2025 ஜூன் மாதம் இத்தாலியில் பிராடா கம்பெனி தன் அணிவகுப்பில் கோலாப்பூர் செருப்பைப் போலவே ஒன்றைக் காட்டி, ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விட்டது. மகாராஷ்டிரத்தில் செருப்புத் தைப்பவர்கள் கூச்சல் போட்டார்கள். சில நாட்களில் அது இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்ததுதான் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. டியோர் கம்பெனியே 2023 மார்ச்சில் பம்பாய் கேட்வே ஆப் இண்டியா முன்னால் பந்தல் போட்டு அணிவகுப்பு நடத்தி, இந்திய எம்பிராய்டரி வேலைக்காரர்களின் பட்டறையை மேடையேற்றிப் பாராட்டியது. ஊசிக்குக் கிடைத்த மரியாதை பூவுக்கும் கிடைக்கக்கூடாதா? அட்டையில் 'தமிழ்நாட்டு மல்லி' என்று இரண்டு வார்த்தை போட்டால் மை செலவு எவ்வளவு ஆகிவிடும்?

இதை எழுதும்போது நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1880-களில் தொடங்கி நூற்றிருபது வருஷம் இங்கே மண்ணைக் குடைந்து எண்ணூறு டன் அளவுக்குத் தங்கம் எடுத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் அது பெட்டி பெட்டியாகச் சீமைக்குப் போயிற்று. லண்டனில் அந்தத் தங்கத்தில் கல்யாண மோதிரம் போட்ட எந்த அம்மாளுக்கும் சாம்பியன் ரீஃப் என்ற பெயர் தெரிந்திருக்காது. அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த பாறைக்கு நடுவே நின்றவன் பெயர் தெரிந்திருக்க நியாயமே இல்லை. தங்கத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. உருக்கிவிட்டால் எல்லாத் தங்கமும் ஒன்றுதான். மல்லி அப்படியல்ல. மண்ணையும் வெயிலையும் பொறுத்து அதன் மணம் மாறுகிறது. மூக்கு தேர்ந்தவர்கள் ஊரைக் கண்டுபிடிப்பார்கள். அதனால்தான் டியோர்காரர்கள் கிராஸ் மல்லிகை கையில் இருக்க, கடல் கடந்து இந்த மல்லியையும் தேடி வாங்குகிறார்கள்.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில தகவல்கள். பெங்களூர் நடைபாதைகளில் இதே வடிவப் புட்டி ஐந்நூறுக்கும் கிடைக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. தோல் அரிப்பு வந்தால் புகார் செய்ய விலாசமும் இராது. அத்தர் கடைகளில் 'ஜாடோர் மாதிரி' என்று சொல்லியே சிறு குப்பியில் தருகிறார்கள். அதாவது பரவாயில்லை, ஒளிவுமறைவு கிடையாது. அசல் சென்ட்டில் 'ஓ டி பர்ஃபம்' என்று போட்டிருந்தால் வாசனைச் சரக்கு நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு. 'ஓ டி டாய்லெட்' என்றால் அதற்குக் குறைவு. மீதி பெரும்பாலும் சாராயம்தான். நகைமேல் படாமல், மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் போட்டால் போதும். புடவை மேல் அடித்தால் பட்டில் கறை விழும்.

வாங்க வேண்டாம், முகர்ந்து பார்த்தால் போதும் என்கிறவர்களுக்குச் செலவே இல்லை. கவுன்டரில் கேட்டால் காகிதப் பட்டையில் அடித்துக் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கொடுக்கிற பெண் நம் ஊராகவே இருக்கக்கூடும். உடனே முகர்ந்துவிட்டுப் போட்டுவிடாதீர்கள். முதல் பத்து நிமிஷம் பேரிக்காயும் முலாம்பழமும்தான். பட்டையை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, சாயங்கால வண்டியில் ஏறி, மாலூர் தாண்டியதும் திறந்து பாருங்கள். பழம் போயிருக்கும். பூ இருக்கும்.